போன் அம்மாவுக்குக் கிடைத்த பரிசு

மாலை நான்கு மணிக்கு மேல் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு யாரும் அவ்வளவாக வருவதில்லை. நான் எழுத ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். பெரிய ஆசையெல்லாம் இல்லை. லென்ஸின் ஓரத்தைத் தேய்த்து ஃப்ரேமுக்குள் பொருத்துவது என் வேலை. அது முடிந்ததும் கம்ப்யூட்டர் சும்மா இருந்தது. நானும் சும்மா இருந்தேன்.

அம்மா அப்போதுதான் மறக்கத் தொடங்கியிருந்தாள். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவள். ஊரில் பாதிப் பேருடைய எண் அவளுக்கு மனப்பாடம். ஒரு நாள் எங்கள் வீட்டு எண் என்ன என்று என்னிடம் கேட்டாள். அதை எழுதி இணையத்தில் போட்டேன். பதினொரு பேர் படித்தார்கள். இன்னொரு நாள் செருப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் லைன்ல இருங்க, இதோ குடுக்கறேன்” என்றாள். அதை நாலாயிரம் பேர் படித்தார்கள். பலர் அழுததாக எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு ‘போன் அம்மா’ என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். நான் வைக்கவில்லை.

இரண்டு வருடம் எழுதினேன். ஒரு பதிப்பாளர் தேடி வந்து அவற்றைப் புத்தகமாகப் போட்டார். இணையத்தில் எழுதப்பட்டு அப்புறம் அச்சுக்கு வந்த புத்தகங்களுக்கென்றே ஒரு பரிசு இருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்கும். கடைசிச் சுற்றுக்கு வந்த ஐந்தில் என்னுடையதும் ஒன்று. முடிவுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பதிப்பாளர், “எழுதறதை நிறுத்திடாதீங்க சார். நடுவர்கள் உங்க தளத்தையும் எட்டிப் பாப்பாங்க” என்றார்.

அந்த வாரம்தான் வெளியூரிலிருந்து என் தங்கை வந்தாள். உங்கள் ஸ்டேஷனில் புகார் கொடுத்தவள் அவள்தான். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவை ஒரு புது டாக்டரிடம் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு ஊருக்குத் திரும்பினாள். முடிவு என் கைக்கு வந்தது.

டாக்டர் சின்ன வயதுப் பெண். “இது மறதி நோய் இல்லைங்க. தைராய்டு சுத்தமா சுரக்கலை. தினம் காலைல வெறும் வயித்துல ஒரு மாத்திரை. அவ்வளவுதான். அம்மா பழையபடி ஆயிடுவாங்க. ஆனா ஒரு நாள்கூட விட்டுடாதீங்க, நிறுத்தினா உயிருக்கே ஆபத்து” என்றார்.

மாத்திரையை நானே கொடுத்தேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வாரம், ஒரு நாள் தவறாமல் கொடுத்தேன். நாலாவது வாரத்தில் முகத்து வீக்கம் வடிந்தது. ஆறாவது வாரம் ஒரு காலையில், “ஏன்டா, கடைக்குப் போகலையா?” என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, மேல்வீட்டு எண், மருந்துக்கடை எண், செத்துப்போன என் மாமாவின் எண் என்று வரிசையாகச் சொன்னாள். நான் சந்தோஷப்படவில்லை என்று தங்கை சொன்னால் நம்பாதீர்கள். உட்கார்ந்து அழுதேன்.

பதிப்பாளரிடம் சொன்னேன். “ரொம்ப சந்தோஷம் சார்” என்றவர் சற்று யோசித்து, “ஆனா பின்னட்டையில ‘மீளாத மறதி’ன்னு போட்டிருக்கோமே” என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். அவரை இதில் இழுக்க வேண்டாம்.

அம்மா புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்றாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டே நாளில் படித்து முடித்தாள். அவளுக்கு அந்தக் கண்ணாடியைச் செய்துகொடுத்தவன் நான். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“பாத்ரூம்ல புடவையோட உட்கார்ந்து அழுதேனே, அதைக்கூடவா எழுதுவ?”

“எல்லாரும் உன்மேல உசுரா இருக்காங்கம்மா.”

“என்னைக் கேட்டியா?”

“கேட்டா உனக்குப் புரிஞ்சிருக்காதேம்மா.”

“இப்போ புரியுது. எடுத்துடு. எல்லாத்தையும் எடுத்துடு.”

பரிசு முடியட்டும் என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அம்மா சிரித்தாள். பழைய சிரிப்பு. “அப்போ என்னையும் மேடைக்குக் கூட்டிட்டுப் போ. குத்துக்கல்லாட்டம் நின்னு ஒவ்வொருத்தர் நம்பரா சொல்றேன். உன் புத்தகத்தை அப்புறம் யார் வாங்கறான்னு பாப்போம்” என்றாள்.

அவள் சொன்னால் செய்கிறவள். அது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

டீயில் சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் மாத்திரை இருக்கிறதல்லவா, அதுவும் சின்னதாக, வெள்ளையாக, வட்டமாகத்தான் இருக்கும். மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து அவள் பாட்டிலில் அதை நிரப்பினேன். உண்மையான மாத்திரைகளைக் கடை இழுப்பறையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் பத்திரமாக வைத்தேன். தூக்கிப் போடவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். பரிசு முடியும் வரைதான் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அம்மா, “என்னடா, இனிக்குது” என்றாள்.

“கம்பெனி மாத்திட்டாங்கம்மா” என்றேன்.

வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். தண்ணீரை நான்தான் பிடித்தேன். தங்கை போனில் கேட்கும்போதெல்லாம், “தினம் குடுக்கறேன்” என்றேன். அது பொய் இல்லை.

முதலில் எண்கள் போயின. பிறகு நாட்கள். மூன்றாம் மாதம் வெயிலிலும் குளிர்கிறது என்றாள். முகம் மறுபடி உப்பியது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், எழுதிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்ய முடியும் என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மாத்திரையைத் திரும்பக் கொடுத்தால் அவள் தெளிவாள். தெளிந்தால் கேட்பாள். ஒவ்வொரு காலையும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்று மாற்றிவிடலாம் என்று நிற்பேன். அந்த நாட்களில் எழுதியவைதான் ஆகச் சிறந்தவை என்று நடுவர் குழு சொன்னது.

பரிசு எனக்குத்தான் கிடைத்தது. அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு முன்வரிசையில் தூங்கினாள். கைதட்டல் சத்தத்தில் விழித்து அவளும் தட்டினாள். மறுநாள் காலை இழுப்பறையைத் திறந்து உண்மையான மாத்திரையை எடுத்துவந்து கொடுத்தேன். விழுங்கினாள். அதற்கடுத்த நாள் எழுப்பினால் எழவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் நான்கு நாள் வைத்திருந்தார்கள். பிழைக்கவில்லை.

ரத்தத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சின்ன டாக்டர், “மாத்திரையே சாப்பிடாத மாதிரி இருக்கே” என்று ஊரிலிருந்து ஓடிவந்திருந்த தங்கையிடம் கேட்டிருக்கிறார். தங்கை வீட்டுக்கு வந்து பாட்டிலிலிருந்து ஒன்றை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் மறுக்கவில்லை. அம்மாவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கைக்குத் தெரியாதது ஒன்று உண்டு. விழா முடிந்து காரில் வரும்போது அம்மாவின் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“யாரு பெத்த பிள்ளையோ, என்னை எவ்வளவு நல்லா பாத்துக்கற” என்றாள்.

எல்லாம் தெரிந்துதான் அம்மா அப்படிச் சொன்னாள். என்னை மன்னித்துவிட்டாள்.