வெள்ளிப் பெயிண்டைச் சுரண்டிய மருதப்பனாருக்கு

சிங்கப்பூர்ச் சிராங்கூன் சாலைச் சந்தடியின் நடுவே சம்மட்டி ஓசையைச் சங்கீதமாய்க் கேட்டுச் சலியாது உழைத்த செம்மலே! முறுக்கிய இரும்பையும் முரண்டு பிடிக்கும் எஞ்சினையும் முகம் சுளிக்காமல் பணிய வைத்த முதல்வரே! கோபத்தில் கொதிநீர், குணத்தில் குளிர்நீர் என்று கூடி வேலை செய்தவரெல்லாம் கொண்டாடும் எங்கள் அண்ணனே! மருதப்பனாரே! பட்டறைத் தோழர்கள் அனைவரின் பணிவான வணக்கம்!

ஓய்வு பெறுகிறவருக்குப் பாராட்டு மடல் என்றால் எதிரே வீற்றிருப்பவரைப் பார்த்து, "நீவிர் அப்படிச் செய்தீர், இப்படிச் செய்தீர்" என்று சொல்லிக்கொண்டே போவதுதான் மரபு. அந்த மரபை நாங்கள் கொஞ்சம் மீறப் போகிறோம். நேருக்கு நேர் புகழ ஆரம்பித்தால் மருதப்பனார் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஆளா? "அதச் சொன்னீங்க, இத விட்டுட்டீங்களே!" என்று நடுவில் புகுந்து மடலை இரண்டு மடங்காக்கிவிடுவார். ஆகவே சபையோரே, அவர் கதையை உங்களிடம் சொல்கிறோம். அவர் மாலையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் சும்மா உட்காரட்டும்.

நம் நில அளவைக் கம்பெனியின் ஜீப்புகள் தார் ரோட்டில் ஓடுவதற்கு வாங்கியவை அல்ல. மண்டாய்க் காட்டிலும் மார்சிலிங் ரப்பர்த் தோட்டத்திலும், முழங்கால் சேற்றில், நாலு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் அவை நகரும். அந்த வண்டிகளைப் பெற்ற பிள்ளைகளாகப் பார்த்தவர் மருதப்பனார். அவருக்குக் கோபம் வந்தால் ஸ்பேனர் பறக்கும். பறந்த ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தவருக்கு அரை மணியில் ஒரு கோப்பியும் வந்து சேரும். பட்டறையை மேய்க்கும் போர்மனாக இருந்த காலத்தில் அவரிடம் திட்டு வாங்காதவரும் கிடையாது, கோப்பி வாங்காதவரும் கிடையாது.

அவருக்கு ஒரு பெரிய பலவீனம் உண்டு. அதன் பெயர் வெள்ளிப் பெயிண்ட். ஆயுத பூசை நெருங்கிவிட்டால் மனிதரைக் கையில் பிடிக்க முடியாது. ஜீப்புகளை வரிசையாக நிறுத்துவார். சக்கரத்தைக் கழற்றச் சொல்லுவார், ஹப்பையும் பிரிக்கச் சொல்லுவார். அச்சிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொடுப்பது இந்த ஹப்புதான். அதன் முகத்தில் ஒரு தட்டு உட்கார்ந்திருக்கும், சுற்றிலும் போல்ட்டுகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கும். ஊரில் எந்தப் பட்டறையும் வெளியே தெரிகிற பாகத்துக்குத்தான் பெயிண்ட் அடிக்கும். நம்மவரோ தட்டின் உள்முகத்துக்கும் சேர்த்து அடிப்பார். "உள்ள யாருண்ணே பாக்கப் போறா?" என்று கேட்டால், "சாமி பாக்கும்டா, ஒழுங்கா அடி" என்பார்.

பூசை முடிந்து சில வாரங்களில் ஏதாவதொரு வண்டியில் ஹப்பு போல்ட் தளர்ந்து வரும். ஆண்டுதோறும் இதே கதைதான். ஓட்டுநர்கள் மேட்டிலும் பள்ளத்திலும் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள் என்பது பட்டறையின் தீர்ப்பு. மறுபடி முறுக்கிவிட்டு, நாலு வசவும் கொடுத்து அனுப்புவார் மருதப்பனார்.

ஐம்பத்தேழாம் ஆண்டு பூசைக்கு ரேஸ்கோர்ஸ் சாலைப் பக்கமிருந்த ஒரு பஸ் பட்டறையோடு நம்மவருக்குப் போட்டி வந்துவிட்டது. அவர்கள் பஸ் நம் ஜீப்பைவிட மின்னுவதா? விடுவாரா? உள்ளும் புறமும் இரண்டு பூச்சு பூச வைத்தார். சந்தனம் குங்குமத்தோடு வண்டிகள் நின்ற அழகைப் பார்த்துக் கண் கலங்கினார். அடுத்த மாத மழையில், மண்டாய்ச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பில் ஹப்பு போல்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. பின் சக்கரம் இழுவை இழந்தது. வண்டி சறுக்கிக்கொண்டு போய் ஓடைக்குள் சாய்ந்தது. உள்ளே இருந்த அளவைக்காரர் ஒருவருக்குக் கை முறிந்தது. உயிர்ச்சேதம் இல்லாமல் போனது எந்தத் தெய்வம் போட்ட பிச்சையோ!

வண்டியை ஓட்டியவர் காதர் மைதீன். அதோ, வாசலருகே நின்று விருந்தினரை உபசரித்துக்கொண்டிருக்கிறாரே, அவரேதான். வெள்ளைக்கார மானேஜர் துரை பட்டறைக்கு வந்து போர்மனைக் கேட்டார். வண்டி பட்டறையை விட்டுப் போகும்போது குறை ஏதும் இல்லை என்று மருதப்பனார் அடித்துச் சொன்னார். அவர் நம்பியதைத்தான் சொன்னார். பட்டறையில் குறை இல்லையென்றால் பழி ஓட்டுநர் தலையில். சனிக்கிழமை சாவியை ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் துரை. ஆள் கையை முறித்த ஓட்டுநர் என்று பெயர் எடுத்தவருக்கு வேறு எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும்?

டன்லப் தெருவில் ஒரே அறையில் மனைவி மக்களோடு குடியிருந்த காதர் மைதீன் மறுநாள் பட்டறைக்கு வந்தார். சண்டை போடவில்லை. "அண்ணே, வேலைக்காக வரலே. நான் எப்படி ஓட்டுவேன்னு ஒங்களுக்குத் தெரியும்லா? நீங்களும் என்னை அப்படித்தான் நெனைக்கிறீங்களா? அத மட்டும் சொல்லிருங்க" என்றார்.

பறக்க வேண்டிய ஸ்பேனர் மருதப்பனார் கையிலேயே இருந்தது. காதர் மைதீன் ஓட்டினால் பின்னால் வைத்த கோப்பி சிந்தாது என்பது பட்டறை முழுக்கத் தெரிந்த விஷயம். அவர் போன பிறகு, ஓடையிலிருந்து இழுத்து வந்த வண்டியின் ஹப்பைத் தாமே பிரித்தார். தட்டின் உள்முகத்தைத் திருப்பிப் பார்த்தார். அவர் ஆசை ஆசையாகப் பூச வைத்த வெள்ளிப் பெயிண்ட் சூட்டில் இளகி, பாதி வெளியே பிதுங்கி, மீதி தேய்ந்து கிடந்தது. பெயிண்டின் மேல் முறுக்கிய போல்ட் பெயிண்ட் இருக்கும்வரைதான் இறுக்கமாக இருக்கும். அது பிதுங்கி விலகியதும் பிடி தளரும். தளர்ந்த தட்டு ஒவ்வொரு இழுப்புக்கும் முன்னும் பின்னும் ஆடி ஆடிப் போல்ட்டை அறுத்துவிடும்.

இருந்தாலும் மனசு லேசில் ஒப்புமா? வேறொரு ஜீப்பை எடுத்தார். இடப்பக்க ஹப்பில் தட்டும் ஹப்பும் ஒட்டும் இரண்டு முகத்தையும் வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டினார். வலப்பக்கத்தைப் பூசைக்குப் பூசியபடியே விட்டார். இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கினார். காதர் மைதீனையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, சாங்கிப் பக்கத்துத் தோட்டத்து மண்பாதைகளில் பொழுது சாயும்வரை சுற்றினார். திரும்பி வந்து பார்த்தால் வலப்பக்கப் போல்ட்டுகள் விரலால் திருகவே சுழன்றன. இடப்பக்கம் ஸ்பேனர் போட்டும் அசையவில்லை.

"என் கையாலதான்டா ஒன்ன ஓடையில தள்ளியிருக்கேன்" என்றார் மருதப்பனார்.

விஷயம் தெரிந்ததும் வெல்டர் தங்கராஜு அவரை மறித்தார். "அண்ணே, தொரைகிட்ட சொல்லிக் கில்லித் தொலைச்சிராதீங்க. பூசைன்னாலே அவருக்கு எரிச்சல். இதான் சாக்குன்னு நிறுத்திப்புடுவாரு. ஒங்க வேலையும் போயிரும். இனிமே உள்ள பெயிண்ட் அடிக்காம விட்டாப் போச்சு, யாருக்குத் தெரியப் போவுது?"

தங்கராஜு கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அண்ணன் மேல் இருந்த பாசத்தில் சொன்னார். மருதப்பனாருக்கும் பயம் இல்லாமல் இல்லை. போர்மன் என்ற அந்தப் பெயரின் மேல் அவருக்கு இருந்த ஆசை ஊரறிந்தது. தேக்கா மார்க்கெட்டில் மீன்காரர்கூட "வாங்க போர்மன்" என்று கூப்பிட்டால்தான் மீன் வாங்குவார்! ஆனாலும் அவர் சொன்னார்: "பூசை இங்க நின்னா கோயில்ல போய்க் கும்பிட்டுக்கலாம். இவன் சாவியக் குடுத்துட்டுப் போனா அந்தப் புள்ளைங்க எங்கடா போயிச் சாப்பிடும்?"

சனிக்கிழமை காலை துரையைக் கையோடு அழைத்து வந்து இரண்டு ஹப்பையும் காட்டினார். பெயிண்ட் அடிக்கச் சொன்னது தாம்தான் என்பதையும் மறைக்காமல் சொன்னார். துரை குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், போல்ட்டைத் திருகிப் பார்த்தார். காதர் மைதீனைக் கூப்பிட்டு எல்லாருக்கும் முன்னால் கை கொடுத்து வருத்தம் தெரிவித்தார். சாவி அவரிடமே இருக்கட்டும் என்றார். பூசையை வேலை நேரம் முடிந்தபின் நடத்திக்கொள்ளலாம், ஹப்புக்குள் மட்டும் பிரஷ் போகக் கூடாது என்றார். கடைசியாக, ஒருவர் கை முறிந்திருக்கும்போது பொறுப்பானவரை அப்படியே விட முடியாது என்று சொல்லி, மருதப்பனாரைப் போர்மன் பதவியிலிருந்து இறக்கிச் சாதாரண மெக்கானிக்காக்கினார். அது அநியாயம் என்று இவர் ஒருநாளும் சொன்னதில்லை.

இன்று நம் பட்டறையில் நடக்கும் முறை அன்று அவர் வகுத்தது. இரண்டு முகமும் வெறும் இரும்பாக இருக்க வேண்டும். போல்ட்டின் மரையில் எண்ணெய்ப் பசை இல்லாமல் பெட்ரோலில் கழுவ வேண்டும். ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருப்பது. போல்ட் கழலாமல் பிடிக்கும் பூட்டுத் தகட்டின் காதை மடக்கிப் போல்ட்டின் தலையோடு ஒட்ட வைக்க வேண்டும். ஒரு நடை ஓடி வந்ததும் காதை நிமிர்த்தி, மறுபடி இறுக்கி, புதுத் தகடு போட வேண்டும். அன்றிலிருந்து காட்டில் ஹப்பு போல்ட் அறுந்து எந்த வண்டியும் நின்றதில்லை. அடுத்த ஆண்டு பூசைக்குத் தேக்காவிலிருந்து ஆளுயர மாலையோடு வந்து நின்றவர் காதர் மைதீன். "பூசை ஒங்களது, பூ என்னோடது. வேணாம்னு சொல்லிராதீங்க அண்ணே" என்றார். எட்டாண்டுகளாக அந்த மாலை வரத் தவறியதில்லை.

மருதப்பனாரே! பொறுமையாக இருந்தது போதும், இனி உங்களிடமே பேசுகிறோம். பதவி போன மறுநாளும் நேரத்துக்கு வந்தீர்கள். பழைய அதட்டலோடு வந்தீர்கள். புதிதாய் வந்த போர்மனுக்குப் பணிந்தும் நடந்தீர்கள். அவருக்குப் பின் அந்த நாற்காலி தங்கராஜுவுக்கு வந்தபோது அவர் கூசி நின்றார். "உக்காருடா, நாந்தான் இருக்கேன்ல" என்று தோளைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். திட்டுவதற்கு நீங்கள் இல்லாத பட்டறையில் நாங்கள் என்ன செய்யப் போகிறோமோ, தெரியவில்லை.

நோய் நொடி அண்டாமல், நூறாண்டு நிறைய, பேரப் பிள்ளைகள் பெருகப் பெருக, பிரியமுள்ளவர் சூழ நீங்கள் வாழ வேண்டும்! காலையில் கண் விழித்ததும் பட்டறைக்கு ஓடிவரத் தோன்றினால் தாராளமாக வாருங்கள். கோப்பி எங்கள் செலவு!

ஒன்று பாக்கி. கம்பெனி இன்று உங்களுக்குக் கொடுத்த கடிகாரத்தின் பின்புறம் "மெக்கானிக் மருதப்பன்" என்று பொறித்திருக்கிறது. அது கம்பெனியின் முறை, குற்றம் சொல்ல மாட்டோம். இந்த மடலை அச்சுக்குக் கொடுக்குமுன் உங்கள் பெயருக்கு முன்னால் என்ன போடுவது என்று நாங்கள் தயங்கினோம். தங்கராஜு பென்சிலைப் பிடுங்கித் தம் கையாலேயே எழுதினார். "அப்ப ஒங்க பதவி என்னாவறது?" என்று கேட்டதற்கு, "போடா, அவரு இருக்கற எடத்துல நான் என்னைக்குடா போர்மனா இருந்தேன்?" என்றார்.

எங்கள் போர்மன் மருதப்பனார் அவர்களுக்கு,
என்றும் அன்பு குறையாத
காதர் மைதீன், ஓட்டுநர்
தங்கராஜு
மற்றும் மோட்டார் பட்டறைத் தோழர்கள் அனைவரும்

சிங்கப்பூர், 1966