தேக்குக்குக் கட்டிய மஞ்சள் துணி

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க அவைத்தலைவர், ஆலய நிர்வாகத்தின் மூத்தவர் பிச்சைமுத்து ஐயா அவர்களே, வெயிலில் வந்து வியர்வை துடைத்து வீற்றிருக்கும் பெரியோர்களே, பெற்று வளர்த்துப் பேணிக் காக்கும் தாய்மார்களே! தாமதமாக வந்தமைக்குத் தலைதாழ்த்தி மன்னிப்புக் கோருகிறேன். சிம்பாங் பூலாய் சந்திப்பில் லாரி ஒன்று குடைசாய்ந்து கிடந்தது. நானோ, மூன்றாம் ஆண்டாக இதே மேடையில் இதே வேண்டுகோளோடு நிற்கப் போகிறேனே என்ற களைப்பில் பேருந்துக்குள் சாய்ந்து கிடந்தேன்.

"திரும்பவும் மரத்துக் கதையாக்கா?" என்கிறார் பின்வரிசைத் தம்பி. ஆம் தம்பி, அதே மரம், அதே கதை. எனக்கும் அலுத்துவிட்டது. புழுவுக்குத்தான் அலுக்கவில்லை!

ரப்பர்ப் பால்மரம் போயிற்று, நாம் வரிசை வீடுகளாய்க் குடியிருந்த லயம் போயிற்று, தோட்டத்தின் பெயரும் பலகையோடு போயிற்று. எஞ்சியவை எவை? மாரியம்மன் ஆலயமும் அதைச் சூழ்ந்த தேக்குகளும் அல்லவா? அந்தத் தேக்கின் பட்டையில் அந்துப்பூச்சி முட்டையிடுகிறது. பொரித்த புழு நடுமரத்து வைரத்தைக் குடைந்து உள்ளே குடியேறுகிறது. வெளியே தெரிவது ஒரு துளையும் கொஞ்சம் ஈர மரத்தூளும்தான். அந்த அடையாளத்தையும் மறைத்தது எது? நாம் கட்டிய மஞ்சள் துணி! நேர்ந்துகொண்டு கட்டினோம். கட்டியதை அவிழ்ப்பது ஆகாதென்று அதன்மேலேயே மறு ஆண்டும் கட்டினோம். துணி புழுவை அழைத்து வரவில்லை, தாய்மார்களே, ஒளித்து வைத்தது.

சென்ற மாதம் தெற்கு மூலைத் தேக்கு முறிந்து அன்னதானக் கொட்டகைமேல் விழுந்தது. பந்தி எழுந்து போயிருந்ததால் பிழைத்தோம். பார்வையிட வந்த அதிகாரிகள், திருவிழாவுக்குள் நல்ல மரம் எது, கெட்ட மரம் எது என்று காட்டாவிட்டால் அத்தனையையும் வெட்டுவோம் என்கிறார்கள். துணியை அவிழ்க்காமல் எப்படிக் காட்டுவது?

ராக்காயி அக்காவிடம் போனேன். மகனின் அறுவை சிகிச்சைக்காக நேர்ந்து கட்டியவர்.

"அம்மாவுக்கு உடுத்துன துணிய அவுக்கச் சொல்றியே, நீ நல்லாருப்பியா லா?"

"அக்கா, ஒங்க மகனுக்கு டாக்டரு சட்டையக் கழட்டாமலா ஆப்பரேசன் பண்ணாரு?"

"வாய் மட்டும் நீளம் லா ஒனக்கு" என்று முனகியபடியே சூடம் ஏற்றிக் கும்பிட்டு, தம் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். உள்ளே விரல் நுழையும் துளை. உள்ளங்கையில் கொட்டியது மரத்தூள்.

"இத்தன நாளு துணிக்குக் கீழ உதுந்த இதையா அம்மா பிரசாதம்னு நெத்தியில பூசினேன்?"

சிரிக்காதீர்கள். நான் சிரிக்கவில்லை. இருவரும் கம்பி விட்டுப் புழுவை இழுத்துப் போட்டோம். அந்த மரம் பிழைக்குமா? அறியேன். ஆனால் பார்த்துவிட்டோம்.

விடியுமுன்னே எழுந்து, மரம் மரமாகப் போய், பட்டை பட்டையாகத் தடவிப் பால் வெட்டிய வம்சமல்லவா நாம்? அடுத்தவன் மரத்தை அத்தனை அக்கறையாய்ப் பார்த்த கண்கள், நம் மரத்தைப் பார்க்க மறுப்பதா? அவிழ்த்த துணியை அலசி, மடித்து, அம்மன் காலடியில் வைப்போம். வாரந்தோறும் பட்டையைப் பார்ப்போம். சீரியல் விளக்குக்கு மரத்தில் ஆணி அடித்துப் பட்டையைப் புண்ணாக்குவதை நிறுத்துவோம்.

"திருவிழா முடியட்டும்மா, பார்ப்போம்" என்று இரண்டு ஆண்டுகளும் சொன்னீர்கள், ஐயா. இந்தத் திருவிழா முடிந்தால் பார்ப்பதற்கு மரம் இராது.

களைத்த குரலுக்கும் காது கொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். அவிழ்க்கலாமா, கூடாதா? விரைந்து பதில் சொல்லுங்கள், ஐயா.