பட்டையும் இரண்டு வளையங்களும்

ஹெல்மெட்டை வெயிலில் காயவைக்கும்போது கவிழ்த்து வைக்கக் கூடாது. மல்லாத்தி வைக்க வேண்டும். அப்போதுதான் உள்துணியில் ஊறிய வியர்வை காயும். பலருக்கு இது தெரியாது. ஹெல்மெட்டை வண்டிக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் வீட்டு ஹெல்மெட்டை நான்தான் பார்த்துக்கொண்டேன், இன்ஸ்பெக்டர். அதனால்தான் நீங்கள் அதை மேஜைமேல் வைத்ததும் ‘என்னுடையது’ என்று சொல்லிவிட்டேன். தயாளனுடையது என்று சொல்லியிருக்க வேண்டும்.

தயாளன் என் தம்பி. அம்மா இறந்தபோது அவனுக்குப் பால்பல் கூட விழவில்லை. நான் டிரெய்னிங் முடித்து, தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்தேன். இன்றும் ஒன்றாம் வகுப்புதான். எனக்குக் கல்யாணம் பேச வந்தார்கள். தம்பியும் என்னோடு வருவான் என்றேன். பேச்சு அதோடு நின்றது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கேஸுக்குச் சம்பந்தமில்லை.

கிண்டியில் வேலை கிடைத்ததும் அவன் ஒரு யெஸ்டி பைக் வாங்கினான். ஹெல்மெட் நான் வாங்கிக் கொடுத்தேன். காலையில் செம்பாக்கத்திலிருந்து என்னைப் பின்னால் உட்காரவைத்து வந்து, பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போவான். கிளம்பும் முன் நான் ஹெல்மெட்டைத் துடைத்து அவன் தலையில் வைப்பேன். அவன் தாடையைத் தூக்குவான். நான் பட்டையை மாட்டிவிடுவேன்.

அந்தப் பட்டைக்கு இரண்டு இரும்பு வளையங்கள். பட்டையை முதலில் இரண்டு வளையங்களுக்குள்ளும் விட வேண்டும். பிறகு மடக்கி, ஒரு வளையத்துக்குள் மட்டும் திருப்பி விட வேண்டும். அப்போதுதான் இறுகும். கடைக்காரர் ஒருமுறை செய்து காட்டினார். நான் கற்றுக்கொண்டேன். தயாளன் கற்றுக்கொள்ளவில்லை என்று நினைத்திருந்தேன்.

அவனுக்குப் பெண் பார்த்ததும் நான்தான். சுகிர்தா. செங்கல்பட்டு. குரோம்பேட்டையில் ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட். நல்ல பெண், அதில் சந்தேகமில்லை. ஒரு வண்டியில் மூன்று பேர் போக முடியாது. நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன்.

பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் மாடு வைத்திருக்கிறாள். பால் ஊற்ற வந்தவள் கேட்டாள்.

“இன்னா டீச்சரே, உன் சீட்ட புதுப்பொண்ணு புட்ச்சிகினாளா?”

“பஸ்ஸுதான் எனக்கு வசதி” என்றேன்.

“அது சரி. வவுறு எரிஞ்சா சொல்லு. நம்ம வூட்ல மோரு கீது.”

நானும் சேர்ந்து சிரித்தேன்.

சீட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. ஒரு காலையில் ஹெல்மெட் துடைக்கும் துணியோடு வாசலுக்கு வந்தேன். அவன் ஏற்கெனவே தாடையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சுகிர்தா மாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பட்டையைத் திருப்பி விடத் தெரியவில்லை. “இப்படி இல்ல, இப்படி” என்று அவன் தன் விரலாலேயே செய்து காட்டினான். கண்ணாடி பார்க்காமல், ஒரே இழுப்பில். அவனுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.

துணியை மடித்து உள்ளே கொண்டுபோனேன்.

சுகிர்தாவுக்கு ஹெல்மெட் பிடிக்காது. வண்டியில் போகும்போது பேச வேண்டும் அவளுக்கு. “இந்தச் சட்டியப் போட்டுட்டா நான் பேசறது ஒண்ணும் இவருக்குக் கேக்கல அக்கா. ஒரு நாள் தூக்கி ஏரியில போட்டுடப் போறேன் பாருங்க” என்றாள். செல்லியம்மாள் அப்போது பால்செம்போடு நின்றிருந்தாள். எல்லோரும் சிரித்தோம். அதை நான் மறக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு காலையில் ஹெல்மெட்டை ஆணியிலிருந்து எடுத்து என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவன் சமையலறைக்கு வந்து, ‘அக்கா, ஹெல்மெட் எங்க?’ என்று கேட்பான். நான் எடுத்துக் கொடுப்பேன். நான் நினைத்தது அவ்வளவுதான். அதைத் திட்டம் என்று சொல்வது அதிகம்.

அவன் ஆணியைப் பார்த்தான். சுகிர்தாவைக் கேட்டான். இருவரும் குனிந்து கட்டிலுக்கு அடியில் தேடினார்கள். நான் அடுப்பின் முன் நின்றிருந்தேன். சாவி இடுப்பில் இருந்தது. “லேட்டாகுதுங்க. ஒரு நாள்தானே, வாங்க” என்றாள் அவள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அவன் சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பியிருந்தால் கொடுத்திருப்பேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

குரோம்பேட்டையில் அவள் இறங்கிக்கொண்டாள். பல்லாவரம் தாண்டி, ரோட்டில் மணல் கொட்டிக் கிடந்த இடத்தில் வண்டி சறுக்கியது.

பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நான் வீட்டுக்குப் போனேன். ஹெல்மெட்டைப் பீரோவிலிருந்து எடுத்து, சுகிர்தாவின் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். சுகிர்தாவுக்கு மாற்றுத் துணி எடுத்து வரச் செல்லியம்மாளை அனுப்பினேன். அவள் கண்ணில் அது பட்டது. தெருவில் எல்லோருக்கும் ஏரிக் கதை ஞாபகம் வந்தது.

நான் சுகிர்தாவைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம். சர்ச்சில் யாராவது பேச்செடுத்தால், “சின்னப் பொண்ணு. வெளையாட்டா செஞ்சிருப்பா. விடுங்க” என்றுதான் சொன்னேன்.

தயாளன் கண் விழித்தபோது அவனிடம் பேச்சு இல்லை. வலது கையும் வலது காலும் சொன்னபடி கேட்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்த வாரத்திலேயே சுகிர்தாவின் அம்மா வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தெருவில் அவள் எப்படி நடமாடுவாள்? போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நான் எடுக்கல அக்கா. உங்களுக்குக் கூடவா தெரியாது?”

“தெரியும்மா” என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன்.

சின்னக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அதைத் தவிர வேறு என்ன தெரியும்? நீண்ட லீவு எடுத்தேன். பள்ளிக்கூடத்துப் பட அட்டைகளைக் கொண்டுவந்தேன். முதலில் ‘அக்கா’. பிறகு ‘தண்ணி’. பிறகு ‘வலி’. ‘அக்கா’ வருவதற்குத்தான் நாளாயிற்று. வந்த அன்று எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை. வயிறு நிறைந்திருந்தது.

காலையில் கையைத் தேய்த்துவிடுவேன். ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்வேன். கஞ்சி ஊட்டும்போது தாடையைத் தூக்குவான். துடைத்துவிடுவேன். தெருவில் என்னைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெற்ற தாய்கூட இப்படிச் செய்ய மாட்டாள் என்றார்கள்.

கல்யாண போட்டோவைச் சுண்ணாம்பு அடிக்கும்போது கழற்றினேன். திரும்ப மாட்டவில்லை. அவன் போட்டோ இருந்த ஆணியைக் காட்டுவான். அட்டைகளில் ஆணி இல்லை. அதையும் ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தேன். சில சமயம் இடது கை விரலைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக் காட்டுவான், தாலிச் சங்கிலி போல. “கழுத்து வலிக்குதாப்பா?” என்று கேட்டு, தைலம் தடவிவிடுவேன். அவன் கண்ணை மூடிக்கொள்வான். பிறகு அப்படிக் காட்டுவதை விட்டுவிட்டான்.

சுகிர்தா ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறி வருவாள். “தூங்கறாம்மா” என்பேன். அவனுக்குப் பதற்றம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கேட்டில் நின்று ஜன்னலைப் பார்த்துவிட்டுப் போவாள். வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுக்காமல் நான் அனுப்பியதில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தான். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே மாட்டை ஓட்டிக்கொண்டு செல்லியம்மாள் வந்தாள்.

“தம்பி ஷோக்கா நடக்குதே. இன்னும் இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு மேல கோவம்? சுகிர்தாவ இட்டாந்து வுடு டீச்சரே.”

அவன் நின்றான். நான் சொல்லிக்கொடுக்காத பெயர். உதட்டைக் கூட்டி, இரண்டு மூன்று முறை முயன்று சொல்லிவிட்டான். வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான். ‘அக்கா’வுக்கு எடுத்த நாளில் பாதிகூட அதற்கு ஆகவில்லை.

அதற்குப் பிறகு வேகமாகத் தேறினான். டாக்டர் ஆச்சரியப்பட்டார். பேச்சு முழுவதும் வந்தது. கால் வந்தது. வலது கை ஆக்ஸிலேட்டரைப் பிடிக்கும் அளவுக்கு வந்தது. விரல் நுனிகளுக்கு மட்டும் உணர்வு வரவில்லை. சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுவேன். வண்டியை ரிப்பேர் செய்து, எங்கள் தெருவிலேயே ஓட்டிப் பார்த்தான். டாக்டர் யோசித்துத்தான் சம்மதித்தார்.

“மெதுவா போங்க. ஹெல்மெட் இல்லாம வண்டியத் தொடவே கூடாது. இந்தத் தலை இன்னொரு அடி தாங்காது.” பிறகு என்னிடம் சொன்னார்: “நீங்கதான் பாத்துக்கணும் டீச்சர்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது சொன்னான்.

“நாளைக்குச் செங்கல்பட்டு போறேன் அக்கா. சுகிர்தாவக் கூட்டிட்டு வர்றேன்.”

“அவ வருவாளாப்பா? ஊர் பேசினதெல்லாம் பேசிடுச்சே.”

“அவ எடுக்கல. அன்னிக்கி எங்கூட அவளும்தான் குனிஞ்சு தேடினா. எனக்கு இப்ப ஞாபகம் இருக்கு.”

நான் ரசம் ஊற்றினேன்.

“அப்ப யாருன்னு நான் கேக்கப் போறதில்ல” என்றான். “நீயும் சொல்லாத. அவ வந்தா போதும்.”

அவன் கோபமாகச் சொல்லவில்லை. மிகவும் அன்பாகச் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்கும்.

சனிக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். பொத்தான் போட்டுவிட்டேன். சமையலறை வாசலில் வந்து நின்று கேட்டான்.

“அக்கா, ஹெல்மெட் எங்க?”

இத்தனை நாள் கழித்துக் கேட்டான். சுகிர்தா போன பிறகு அதைத் திரும்ப என் பீரோவில்தான் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். துடைத்தேன். தலையில் வைத்தேன். அவன் தாடையைத் தூக்கினான்.

ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பட்டையை நான் மாட்டினால், செங்கல்பட்டில் யாராவது கழற்ற வேண்டும். அவன் விரல்களால் முடியாது. அங்கே வாசலில் நின்று அவன் இதேபோல் தாடையைத் தூக்குவான். திரும்பி வரும்போது மாட்டுவதும் அவளாக இருக்கும். அதன் பிறகு ஒவ்வொரு காலையிலும்.

பட்டையை இரண்டு வளையங்களுக்குள்ளும் விட்டேன். திருப்பி விடவில்லை. நுனியைப் பட்டைக்கு அடியில் செருகினேன். பார்ப்பதற்கு மாட்டியது போலவே இருந்தது.

“மாட்டிட்டியா?”

“மாட்டிட்டேன்ப்பா.”

அவன் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தாலும் அந்த விரல்களுக்குத் தெரிந்திருக்காது. யெஸ்டிக்கு உதைக்கும் பெடல் இடது பக்கம். நல்ல கால் அது. ஒரே உதையில் கிளப்பினான். திரும்பிப் பார்த்துக் கையாட்டினான்.

வண்டலூர் தாண்டி ஒரு மாடு குறுக்கே வந்தது என்கிறீர்கள். வண்டி வேகமாகப் போகவில்லை, முழங்கை சிராய்ப்போடு எழுந்து போயிருக்கலாம் என்கிறீர்கள். விழும்போதே ஹெல்மெட் தலையைவிட்டுப் போய், ஓரத்துப் புல்லில் கிடந்திருக்கிறது. மேஜைமேல் இருக்கிறதே, பாருங்கள். ஒரு கீறல் இல்லை. பட்டை அறுந்திருந்தால் நீங்கள் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள்.

அவசரத்தில் மறந்திருப்பீர்களா என்று கேட்டீர்கள். நல்ல மனதோடு கேட்டீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் வீட்டுப்பாடத்தை மறந்த பிள்ளையையும் வேண்டுமென்றே எழுதாத பிள்ளையையும் பார்த்த பார்வையில் பிரித்துவிடுகிறவள் நான். நான் மறக்கவில்லை. தெரிந்துதான் விட்டேன். இரண்டு தடவையும் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போடுகிறேன்.

ஒரே ஒரு கோரிக்கை. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். போலீஸ்காரர் யாராவது கூட வரட்டும். சுகிர்தா பக்கத்தில் இருக்கிறாள் என்கிறீர்கள். அவள் இருந்து என்ன செய்வாள்? டைப் அடிப்பவள். கஞ்சி ஊட்ட எத்தனை சாய்வில் தலையணை வேண்டும், எந்தப் பக்கம் துடைக்க வேண்டும், எந்த வார்த்தையிலிருந்து தொடங்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. பட அட்டைகள் என் வீட்டில் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. இந்த முறை நாளாகும். எனக்குப் பொறுமை உண்டு.

இன்று விடியற்காலையில் அவன் கண் விழித்து அவள் பெயரைச் சொன்னதாகச் சொல்கிறீர்கள். நர்ஸும் கேட்டாளா? இருக்கட்டும். அது பேச்சு இல்லை இன்ஸ்பெக்டர், வெறும் சத்தம். நான் இன்னும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே தொடங்கவில்லையே.