பக்கத்துக் கடைக்குப் போன ஓட்ஸ்

சாணார்பட்டி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சலித்துக்கொண்டாள்.

"நான் ஓட்ஸ் செஞ்சு குடுக்கக் குடுக்க எங்க வீட்டுக்காரருக்கு சுகர் ஏறுதுக்கா."

"ஓட்ஸ்ல எப்படிடி ஏறும்?"

"கொய்யாவும் ஆப்பிளும் நறுக்கிப் போட்டு, பால் ஊத்தி, சீனியே இல்லாம ஓவன்ல வேக வச்சு டப்பாவுல குடுத்து விடுறேன். எங்க கடையில உக்காந்து சாப்பிடுவாரு. 'நல்லாருக்கு, நாளைக்கும் செய்யி'ன்னு அவரே கேப்பாரு."

"பெறகென்ன?"

"நேத்து டப்பாவக் கழுவுனா மூடியெல்லாம் நெய். நான் ஒரு சொட்டு விடலையே. கேட்டா, பக்கத்து ஸ்வீட் கடைக்காரருக்குத் தினமும் குடுத்துட்டாராம். வெறும் டப்பாவ எப்படித் திருப்பிக் குடுக்குறதுன்னு அந்த மனுசன் அல்வா வச்சுக் குடுத்தாராம்."

"நல்லாத்தான் நடந்துருக்கு. இனிமே செய்யாத."

"எப்படிக்கா? காலையில அந்த ஸ்வீட் கடைக்காரரு சம்சாரம் போன் பண்ணுது. அவுக வீட்டுக்காரருக்கு சுகர் நல்லாக் கொறஞ்சிருச்சாம். நிப்பாட்டிராதீகன்னு கெஞ்சுது."