இழைவடிவ அந்நியப் பொருள்

ஹலோ… ஹலோ, ஸீனா, வெச்சிடாத! நான்தான்… வதீம்… ஆமா, ஆமா, உன் புருஷன். ரெண்டு தடவை வெச்சிட்ட… கடன் வேணுமான்னு கேக்குறவன்னு நெனச்சியா? ஏம்மா, இங்கேர்ந்து குரல் கீழ வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்னு எத்தனை தடவை சொல்றது? ஹலோ சொல்லிட்டு ஒரு மூச்சு பொறு…

சாப்பிட்டேன்… டப்பா மீனு, டப்பா கஞ்சி. நீ?… நின்னுக்கிட்டேவா?… சரி, சரி. எதிர்ல ஆளில்லாம எதுக்கு மேசைங்கிற. இந்த விண்வெளி நிலையத்துல உக்காரவே வழியில்ல ஸீனா, நீயாவது உக்காரு.

சரி, கேளு, லைன் எப்ப வேணாலும் போயிடும். நாளைக்கு நானும் தீமூரும் நிலையத்தை விட்டு வெளிய போகணும்ல… ஆமா, விண்நடை. போன தடவை வந்தப்ப ஜன்னல் வழியா வேடிக்கை பாத்ததோட சரி. இதையும் விட்டா வயசாயிடுச்சுன்னு ஓரங்கட்டிடுவாங்க… அதுல ஒரு சிக்கல். என் விண்வெளி உடுப்புல காத்து கசியுது… கத்தாத! கசிஞ்சுது. இப்ப இல்ல. முதுகுல ஃப்ரிட்ஜ் கதவு மாதிரி ஒண்ணு இருக்கும்ல, அதைத் திறந்துதான உள்ள நுழைவோம்? அந்த ரப்பர் விளிம்புல ஒரு முடி. ஒரே ஒரு முடி. எடுத்தேன், தொடச்சேன், மூடுனேன். கசிவு நின்னுடுச்சு.

விட்டுடுவாங்களா? எங்க பெரிய அதிகாரி லெவ் மத்வேயெவிச் பூமியில ஒரு கமிட்டியே போட்டுட்டார்… அவரேதான். வழியனுப்பு விருந்துல பேச ஆரம்பிச்சு, நம்ம சூப்பு ஆறி ஆடை கட்டுற வரைக்கும் விடலையே, அவரு. ஒரு முடிக்கு ஒன்பது பேரு. அதை முடின்னும் சொல்ல மாட்டாங்களாம். 'இனங்காணப்படாத, உயிரியல் சார்ந்த, இழைவடிவ அந்நியப் பொருள்.'… சிரிக்காத… இல்ல, சிரி. நீ சிரிச்சுக் கேட்டு நாளாச்சு.

வெள்ளை முடி… எனக்கு நரைச்சிருக்குதான், ஒத்துக்கிறேன். இங்க கூட இருக்கிற ரெண்டு பேர்ல தீமூர் மொட்டை, யெகோருக்குச் செம்பட்டை. இது அதெல்லாம் இல்ல, பஞ்சு மாதிரி மெல்லிசு. விளக்குல பிடிச்சதுமே தெரிஞ்சுடுச்சு… கெஃபீர். நம்ம கெஃபீர்தான், வேற எந்தப் பூனை? நான் கிளம்புறப்ப, பயணம் நல்லா அமையணும்னு வழக்கப்படி எல்லாரும் வாய மூடி ஒரு நிமிஷம் உக்காந்தோமே? அந்தத் தடியன் மட்டும் கத்திக்கிட்டே வந்து என் மடியில ஏறலையா? நீ பின்னுன ஸ்வெட்டர் மேலயே படுத்தானே…

ஆமா. அதைப் போட்டுக்கிட்டுதான் உடுப்புக்குள்ள நுழைஞ்சு பாத்தேன்… தெரியும், தெரியும், கூடாது. அவங்க குடுத்த உள்ளாடை மட்டும்தான்… குளிரெல்லாம் இல்ல. ஞாயித்துக்கிழமை. அவங்க ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. சும்மா அந்த விசிறி சத்தத்தையே கேட்டுக்கிட்டு… விடு. அதுல நம்ம வீட்டு வாசனை இருக்கு, போதுமா?

கேளு. இது தெரிஞ்சா ஒழுங்குமீறல்னு சொல்லி என்னை உள்ள உக்காத்தி வெச்சிட்டு யெகோரை அனுப்பிடுவாங்க. அதனால, உனக்கு போன் பண்ணி, வீட்டுல பிராணி ஏதாச்சும் உண்டான்னு கேட்டா, பூனையே இல்லைன்னு சொல்லிடு… உனக்குப் பொய் வராதுன்னு தெரியும். எனக்காக ஒரு தடவை…

என்ன?… பொய்யே இல்லையா? ஏன்?…

…

செத்துட்டானா? நம்ம கெஃபீரா?…

எப்போ?… முதல் பனி விழுந்தப்பவா? அதுக்கப்புறம் எத்தனை தடவை பேசினோம். மீன் தின்னானான்னு கேட்டேன். தின்னான், தட்டை நக்கிட்டான்னு சொன்னியே… ஓ… மேல இருக்கிறவன்கிட்ட கெட்ட சேதி சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களா? யாரு, லெவ் மத்வேயெவிச்சா? அதுக்கும் கமிட்டியா?… இல்லம்மா, உன்மேல கோபம் இல்ல. எங்க புதைச்ச?… ஆப்பிள் மரத்தடியில. நீ ஒருத்தியேவா தோண்டுன?… மண்ணு கல்லாட்டம் இறுகியிருக்குமே…

அழல. இங்க எப்பவுமே மூக்கு அடைச்சுக்கிட்டுதான் இருக்கும்.

இரு… கூப்பிடுறாங்க. கமிட்டி காத்திருக்காம்… இல்ல ஸீனா. பூனை இல்லைன்னு நீ சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன்… தெரியும், போக விட மாட்டாங்க. யெகோர் போகட்டும், உடுப்பு இப்ப நல்லாத்தான் இருக்கு. நான் ஜன்னல்ல நிக்கிறேன், எனக்குப் பழகின ஜன்னல்தானே… உன்கிட்ட கேட்டா, இருந்தான்னு சொல்லு. பேரு கெஃபீர்னு சொல்லு. வெள்ளைப் பூனை, பெரிய தடியன், எழுதிக்குங்கன்னு சொல்லு. அந்நியப் பொருளாம்ல! அந்நியம்! மடியில படுத்து…

ஹலோ?… ஸீனா?… உக்காந்து சாப்பிடு, கேக்குதா?… ஹலோ… ஹலோ…