காலியாகாத மெத்தை

— மெதுவாடி, அப்பா தூங்குறாரு. காலையிலேருந்து அந்த மணியவே கொடஞ்சுக்கிட்டிருக்க.

— எங்க தப்புன்னு தெரியலம்மா. அண்ணன் பூட்டு வாங்கிட்டு வந்துட்டிருக்கான். 'நேத்து அப்பா எல்லாம் மறந்து தனியா பஸ் ஸ்டாப்புல நின்னிருக்காரு, உன் மணி அடிக்கவே இல்ல. சாயங்கால எலக்ட்ரானிக்ஸ் கிளாஸ் லட்சணம் இதுதானா?'ன்னு கேக்குறான். இனிமே வெளியில பூட்டிடணுமாம்.

— மனுஷன உள்ள வச்சுப் பூட்டவா? மாடா அவரு?

— அப்ப மணி அடிச்சாகணுமே! இங்க பாரு. அப்பா படுக்கிற பக்கம் மெத்தைக்கு அடியில ஒரு பட்டை வச்சிருக்கேன். ஆள் படுத்திருந்தா ஒண்ணு, எழுந்தா பூஜ்யம். அது இந்த நாட் கேட்டுக்குள்ள போனா தலைகீழாயிடும்.

— உங்கப்பாவும் நாட் கேட்டுதான். நான் ஒண்ணு சொன்னா நேர்மாறாத்தான் செய்வாரு.

— சிரிக்காதம்மா. ஆக, மெத்தை காலின்னா ஒண்ணு. வாசக்கதவு திறந்தா ஒண்ணு. ரெண்டும் இந்த ஆண்ட் கேட்டுக்கு வருது.

— ரெண்டும் வந்தாத்தான் அடிக்கும். நானும் அவரும் சேர்ந்து தலையாட்டினாத்தான் உன்ன டூருக்கு விடுவோமே, அந்த மாதிரி.

— அதேதான். ஒண்ணு மட்டும் வந்தா போதாது. எல்லா விதமாவும் சோதிச்சுட்டேன், சரியாத்தான் அடிக்குது. நேத்து கதவு திறந்திருக்கு, ஆனா அடிக்கல. அப்படின்னா மெத்தை காலியாகல. அது எப்படிம்மா? ...அம்மா, என்னப் பாரு. நீ படுத்தியா?

— அவரு செருப்புத் தேடும்போது அவரு படுத்திருந்த பக்கம் உருண்டுடுவேன். கதவச் சாத்திட்டுத்தான் போவாரு, அந்தப் பழக்கம் மட்டும் மறக்கல. அப்புறம் நான் பின்வாசல் வழியா அவரு பின்னாடியே போவேன். டவுன் பஸ் வந்துட்டுப் போனதும் 'வாங்க போலாம்'பேன். அதே பின்வாசல் வழியாத் திரும்பி வந்துடுவாரு.

— தினமுமா?

— நேத்துதான் முழங்கால் பிடிச்சுக்கிச்சு, சந்துலயே உக்காந்துட்டேன். அதுக்குள்ள மருந்துக்கடைக்காரரு அவரு தனியா நிக்கிறதப் பாத்துட்டு உங்கண்ணனுக்குப் போன் போட்டுட்டாரு.

— எனக்கு ஒண்ணும் உருப்படியா வராதுன்னு நெனச்சு அழுதேம்மா. கிளாஸையே விட்டுடலாம்னு பாத்தேன். ஏன் இப்படிப் பண்ண?

— மொத நாள் மணி அடிச்சப்ப அவரு முகத்த நீ பாக்கல. திருடன் மாதிரி செருப்பக் கழட்டிட்டு, 'பாப்பா காத்துக்கிட்டிருப்பாளே'ன்னு தேம்பினாரு.

— எந்தப் பாப்பா?

— நல்லாக் கேட்ட போ. ஸ்கூல் பஸ்ஸிலேருந்து உன்ன இறக்கிக் கூட்டிட்டு வரத்தாண்டி போறாரு.

— அந்த டவுன் பஸ்... எந்த ஸ்டாப்புல ஏறணும்மா? நாளைக்கு நான் அதுலேருந்து இறங்குறேன்.

— கதவத் தட்டுறான் பாரு, உங்கண்ணன். என்ன சொல்லப் போற?

— வாண்ணே. பூட்டக் கடையிலயே திருப்பிக் குடுத்துடு. தப்பு என் சர்க்யூட்லதான். இப்பதான் கண்டுபிடிச்சேன்.