வலது கால் கன்ட்ரோல்

ரேகா: ஆடாதீங்க மாமா… போட்டோல ரெண்டு குதிகாலும் தெரியணும்.

லோகநாதன்: கூசுது மா! மருமவ மாமனார் காலைப் புடிச்சிகினு கீறான்னு எதிரூட்டு வரதன் எட்டி எட்டிப் பாக்குறான்.

ரேகா: பாக்கட்டும். இன்னியோட பதினஞ்சு நாள் முடியுது. பன்னண்டு மணிக்கு இத மேடம்கிட்ட காட்டணும். சொதப்புச்சுன்னா எம்.எஸ்சி. நர்சிங்ல இந்தப் பாடம் போச்சு. மறுபடி ஆறு மாசம்.

லோகநாதன்: எம் பித்த வெடிப்புக்கும் உன் பரீச்சைக்கும் இன்னா மா சம்பந்தம்?

ரேகா: எத்தன தடவ சொல்றது? எப்பவும் இப்படித்தான் செய்யறோம்னு ஒரு நர்ஸ் எதையும் செய்யக் கூடாது. ஆதாரம் இருக்கணும். அதத்தான் மேடம் சொல்லித் தராங்க.

லோகநாதன்: ஆதாரம் கேட்டியேன்னு ஆதார் கார்ட எடுத்துக் குடுத்தேன். வாணாம்னு திருப்பிக் குடுத்துட்ட.

ரேகா: ஐயோ… எடது காலுக்கு என் க்ரீம், வலது காலுக்கு உங்க வெளக்கெண்ணெ. எது நல்லா கேக்குதுன்னு பாக்கறதுதான் ஆதாரம். இந்த க்ரீமப் பத்தி நாலு பேப்பர் படிச்சிருக்கேன்.

லோகநாதன்: பேப்பர்ல நாளைக்கு மழைன்னு போடுவான், வெய்யில் மண்டையப் பொளக்கும். நீ அத நம்பிகினு…

ரேகா: அந்தப் பேப்பர் இல்ல மாமா! ஆராய்ச்சி. சரி, வலதக் காட்டுங்க. அதுதான் கன்ட்ரோல்.

லோகநாதன்: அறுவத்தெட்டு வருசமா அது என் கன்ட்ரோல்லதான் கீது.

ரேகா: கன்ட்ரோல்னா புது மருந்து போடாத காலு…

லோகநாதன்: மண்ணூர்பேட்ட லேத் பட்டறைல முப்பது வருசம் நின்ன காலு மா இது. அங்க எல்லாருக்கும் வெளக்கெண்ணெதான். எவன் ஆதாரம் கேட்டான்?

ரேகா: … மாமா.

லோகநாதன்: இன்னா?

ரேகா: வெடிப்பே இல்ல.

லோகநாதன்: பாத்தியா! எண்ணெ வேல செஞ்சிகீது!

ரேகா: எடதுலயும் இல்ல.

லோகநாதன்: அது… பக்கத்துக் காலப் பாத்து திருந்தியிருக்கும்.

ரேகா: வெளையாடாதீங்க. ரெண்டும் ஒரே மாதிரி ஆறியிருக்கு. வேற எதனா தடவினாரான்னு மேடம் மொதல் கேள்வியே கேப்பாங்க. உண்மையச் சொல்லுங்க.

லோகநாதன்: படிச்சவங்களுக்கு எப்பவும் எங்க மேலதான் சந்தேகம்…

ரேகா: மாமா!

லோகநாதன்: சொன்னா திட்டக் கூடாது.

ரேகா: திட்டல.

லோகநாதன்: உங்க அத்தையாண்ட சொல்லக் கூடாது.

ரேகா: சொல்லல. சொல்லுங்க.

லோகநாதன்: நாலாம் நாளே எடது காலு முந்திகினு போச்சு. எண்ணெதான் ஜெயிக்கும்னு வரதன்கிட்ட சவால் உட்டுகீறேன். அதான்… உன் க்ரீம எடுத்து வலதுக்கும்…

ரேகா: மாமா!

லோகநாதன்: கொஞ்சூண்டுதான்! தெனம் ரெண்டு வேள.

ரேகா: போச்சு… பதினஞ்சு நாளும் வீணாப் போச்சு.

லோகநாதன்: இன்னா, அழுவுறியா? ஏ ரேகா… போனக் குடு. உங்க மேடத்தாண்ட நானே சொல்றேன். கெயவன் ஏமாத்திட்டான், க்ரீம்தான் ஜெயிச்சிச்சு, புள்ள மேல தப்பு இல்லன்னு.

ரேகா: அப்படியும் சொல்ல முடியாது மாமா…

லோகநாதன்: ஏன்?

ரேகா: அஞ்சாம் நாள்லேர்ந்து உங்க எண்ணெக் காலு திடீர்னு வேகமா ஆறுச்சா… க்ரீம் தோத்துடுமோன்னு எனக்கு பயம் வந்துடுச்சு. நீங்க மத்தியானம் தூங்கறப்ப, தெனம் எடது காலுக்கு உங்க வெளக்கெண்ணெயத் தடவிட்டேன்.